கிழக்கின் பாரிசும் அதன் எதிர்க்கரையும்

ராஸ் தீவுக்குப் படகு ஏறுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கும் வாசகம் ஒன்று உண்டு: "இதுதான் ஒரு காலத்தில் கிழக்கின் பாரிஸ்." வழிகாட்டி சொல்கிறார், சுற்றுலாக் கையேடு சொல்கிறது, ஊரிலிருந்து வரும் மாமனுக்கும் அத்தைக்கும் நாமும் அதையே சொல்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கட்டுரையிலும் அதையே எழுதுகிறார்கள். ஆனால் பாரிசுக்கும் சுமார் எழுபது ஏக்கர் பரப்புள்ள இந்தச் சிறு தீவுக்கும் என்ன சம்பந்தம், யாருக்கு இது பாரிசாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். கேட்கப் போனால் ராஸ் தீவோடு நின்றுவிட முடியாது. கடலைத் தாண்டி, நாம் குடியிருக்கும் எதிர்க்கரைக்கு, அதன் பேட்டைகளுக்கும் தெருக்களுக்கும் வந்தாக வேண்டும்.

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ராஸ் தீவுக்கு 2018 டிசம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று. பழைய காலத்தைச் சொல்லும் இடங்களில் அந்தக் காலத்துப் பெயரையே இங்கு எழுதுகிறேன். குழப்பம் வராமல் இருக்கத்தான், வேறு காரணம் இல்லை.

பாரிஸ் என்றதும் நம்மவர் காதில் முதலில் விழுவது பிரான்ஸ் நாட்டுத் தலைநகரமா என்ன? சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 'பாரிஸ் கார்னர்'தான். அந்தப் பாரிமுனைக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டு வியாபாரி 1788-இல் மதராசில் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. வேடிக்கை என்னவென்றால், அதே 1788-ஆம் ஆண்டின் கடைசியில்தான் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரி அந்தமான் கரைகளை அளக்கக் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டார். பாரி பெயரில் உள்ள முனைக்குப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி, பிளேர் பெயரில் உள்ள துறையில் வந்து இறங்கியவர்கள் நம்முடைய அப்பாக்களும் தாத்தாக்களும். அது கிடக்கட்டும்.

பிளேர் 1789-இல் சாத்தம் தீவில் ஒரு குடியேற்றம் அமைத்தார். அப்போது அதற்குப் பெயர் போர்ட் கார்ன்வாலிஸ். 1792-இல் அதை வடக்கு அந்தமானுக்கு மாற்றினார்கள். காய்ச்சலும் சாவும் தாங்க முடியாமல் 1796-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பின் அறுபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கம் அவர்கள் குடியேறவில்லை. 1857-இல் வடஇந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்ததும், பிடிபட்டவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்வி வந்தது. டாக்டர் மௌவாட் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்து, பிளேர் முதலில் இறங்கிய அதே துறைமுகத்தைச் சிபாரிசு செய்தது. 1858 மார்ச் 10-ஆம் தேதி 'செமிராமிஸ்' கப்பலில் 200 கைதிகளோடு டாக்டர் ஜே. பி. வாக்கர் வந்து சேர்ந்தார். சாத்தமில் தண்ணீர் போதவில்லை. காட்டை வெட்டச் சொல்லி ராஸ் தீவுக்கு ஆட்களை அனுப்பினார். 'பாரிஸ்' அப்படித்தான் பிறந்தது, கால் விலங்கோடு கோடாரி பிடித்தவர்கள் கையில்.

அந்த முதல் சில மாதங்களைப் பற்றி வழிகாட்டிகள் அதிகம் பேசுவதில்லை. கைதிகள் கூட்டம் கூட்டமாகத் தப்பி ஓடினார்கள். காட்டு வழியாக நடந்தால் பர்மா வந்துவிடும் என்று நம்பியவர்களும் அவர்களில் உண்டு. பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். கல்கத்தா அரசாங்கமே முகம் சுளித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்த எண்பது ஆண்டுகளில் தீவு மாறியது. மேட்டின் உச்சியில் தலைமை ஆணையரின் மாளிகை, அதில் நடனக்கூடம். சற்றுத் தள்ளிக் கல்லால் கட்டிய தேவாலயம். ரொட்டி சுடும் பேக்கரி, அச்சுக்கூடம், நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம், அதிகாரிகளுக்குத் தனியாகவும் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தனியாகவும் கிளப்புகள், கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் இயந்திரம், பின்னாளில் மின்விளக்கு. லண்டனில் வெளியாகும் பத்திரிகை கப்பலில் வரும், மாலையில் வாத்தியக்குழு இசைக்கும், ஞாயிறு காலையில் மணி அடிக்கும். இவ்வளவையும் கால் மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய இடத்தில் அடக்கி வைத்திருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, இடிந்த சுவர்களைப் பார்த்தாலே அந்த ஒழுங்கு புரிகிறது. ஆனால் மாளிகைக்குத் தண்ணீர் சுமந்தவன் கைதி. பங்கா இழுத்தவன் கைதி. அப்பம் சுட்டவன், துணி வெளுத்தவன், துரைமார்களை மேட்டுக்கு ஏற்றி இறக்கியவன் எல்லாருமே கைதிகள். சம்பளம் வாங்கும் வேலைக்காரர்களை வைத்து இந்தச் சுகத்தை நடத்தியிருந்தால் அது பாரிஸ் ஆகியிருக்காது. கணக்கு கட்டுப்படி ஆகாமல் பாதியிலேயே நின்றிருக்கும்.

இப்போது உண்மையான பாரிசுக்குப் போவோம். ராஸில் காடு வெட்டிய அதே காலத்தில் அங்கேயும் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி ஓஸ்மான் என்ற நிர்வாகி 1853 முதல் 1870 வரை பழைய சந்துகளை இடித்துத் தள்ளி, இன்று நாம் படங்களில் பார்க்கும் அகன்ற சாலைகளையும், ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் மாளிகைகளையும், பூங்காக்களையும், நிலத்தடிச் சாக்கடைகளையும் அமைத்தார். நகரத்தின் நடுவில் இருந்த ஏழை எளியவர்கள் விளிம்புகளுக்குத் தள்ளப்பட்டார்கள். அதோடு நிற்கவில்லை. 1852 முதல் பிரான்ஸ் தன் கைதிகளைத் தென் அமெரிக்காவில் உள்ள கயானாவுக்குக் கப்பல் ஏற்றியது. 1864 முதல் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவுக்கும் அனுப்பியது. 1871-இல் பாரிஸ் மக்கள் கம்யூன் அமைத்துக் கிளர்ந்தபோது, அது நசுக்கப்பட்ட பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அந்தத் தீவுக்கே நாடு கடத்தப்பட்டார்கள். லூயி மிஷேல் என்ற பள்ளி ஆசிரியையும் அவர்களில் ஒருவர். கயானாவின் 'சாத்தான் தீவு' டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரியால் உலகப் புகழ் பெற்றது. செய்யாத குற்றத்துக்காக 1895 முதல் 1899 வரை அவரை அங்கே அடைத்து வைத்திருந்தார்கள்.

ஆகவே பாரிசுக்கு ஒரு தீவு இருந்தது. லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் ஒரு தீவு இருந்தது. வேண்டாதவர்களைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் அந்த நகரங்கள் வெளிச்சமாக இருந்தன. ராஸ் தீவை பாரிஸ் என்று அழைத்தவர்கள் விளக்குகளையும் நடனத்தையும் மனதில் வைத்துச் சொன்னார்கள். எனக்கு என்னவோ இந்த இன்னொரு ஒற்றுமைதான் பெரிதாகப் படுகிறது. தண்டனைத் தீவு பாரிசுக்குப் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தது. ராஸ் தீவில் இருந்தவர்களுக்கோ அது கண்ணெதிரே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நகரங்களைக் கைதிகள் கட்டிய கதை இங்கு மட்டும் நடந்ததும் அல்ல. சிங்கப்பூரில் 1825 முதல் இந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள். அங்குள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயமும், இன்று இஸ்தானா என்று வழங்கும் ஆளுநர் மாளிகையும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. அவர்களில் மதராஸ் மாகாணத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள். 1873-இல் அந்தச் சிறையை மூடியபோது தண்டனை முடியாதவர்களை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? போர்ட் பிளேருக்குத்தான். சிங்கப்பூரைக் கட்டிய கை இங்கேயும் செங்கல் பிடித்திருக்கிறது.

எதிர்க்கரை

ராஸிலிருந்து திரும்பி அபர்டீன் துறையில் இறங்குவோம். அபர்டீன் என்பது ஸ்காட்லாந்தில் வடகடல் ஓரத்தில் இருக்கும் குளிர் ஊர். இங்கே அது வெற்றிலை பாக்கு, மீன், தேங்காய், துணிக்கடை, மணிக்கூண்டு எல்லாம் சேர்ந்த பஜார். அந்தப் பெயரோடு ஒரு சண்டையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1859 மே மாதம், தங்கள் காடு பறிபோவதைக் கண்ட கிரேட் அந்தமானியர்கள் வில் அம்போடு இந்தக் குடியேற்றத்தின் மீது படையெடுத்தார்கள். தூத்நாத் திவாரி என்ற சிப்பாய்க் கைதி அதற்கு முந்தைய ஆண்டு தப்பி ஓடி, அவர்களோடு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, அங்கேயே மணமும் முடித்திருந்தார். தாக்குதல் வரப்போகிறது என்று அவரே ஓடிவந்து ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார். அவருக்கு மன்னிப்பு கிடைத்தது. துப்பாக்கிக்கு எதிரே அம்பு நிற்கவில்லை. அதன் பிறகு அவர்களை அழித்தவை பெரும்பாலும் நோய்கள்தான். அன்று ஆயிரக்கணக்கில் இருந்த அந்த இனத்தில் இன்று எஞ்சியிருப்பவர்கள் ஐம்பது பேர் அளவில். அபர்டீன் சண்டையின் நினைவுத்தூண் நீர் விளையாட்டு வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம்மில் பலர் மாலை நேரத்தில் அதைக் கடந்துதான் காற்று வாங்கப் போகிறோம்.

இந்த ஊரின் பேட்டைப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், ஒரு சரித்திரப் புத்தகம் படித்த மாதிரி இருக்கும். ஒரு பக்கம் துரைமார் பெயர்கள். 1863-இல் அந்தமானியர்களுக்கென்று ராஸ் தீவில் விடுதி நடத்திய பாதிரியார் கார்பின் பெயரில் கார்பின்ஸ் கோவ். தலைமை ஆணையர் ஃபெரார் பெயரில் ஃபெரார்கஞ்ச். அதிகாரி டைட்லரின் மனைவி ஹாரியட் பெயரில் மவுண்ட் ஹாரியட். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்த கடற்காட்சி அந்த மலையிலிருந்து தெரிவதுதான். 1891 போருக்குப் பிறகு மணிப்பூர் அரசர் குலசந்திர சிங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் நாடு கடத்தப்பட்டு அங்கே வைக்கப்பட்டிருந்ததால், 2021-இல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு பக்கம் ஹிந்துஸ்தானிப் பெயர்கள். எனக்குப் பிடித்தவை இவைதான், ஏனென்றால் இவற்றை அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்து வைத்ததாகத் தெரியவில்லை, ஜனங்கள் வாயில் வந்ததாகத்தான் தெரிகிறது. லம்பா லைன் என்றால் நீண்ட வரிசை, கோல்கர் என்றால் வட்ட வீடு. ஜங்கிலிகாட் என்றால் காட்டார் துறை என்று பொருள் படும். மரியாதையான சொல் இல்லைதான், ஆனால் யார் அந்தத் துறையில் வந்து போனார்கள் என்பதை அது மறைக்கவில்லை. ஷாதிப்பூர் என்றால் கல்யாண ஊர். நன்னடத்தையோடு சில ஆண்டுகள் கழித்த கைதிகளும் பெண் கைதிகளும் மணம் செய்துகொண்டு தனிக் குடித்தனம் நடத்த அனுமதி உண்டு. அதை வைத்து வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பஞ்சாபியும் வங்காளியும், தெற்கத்தியரும் வடக்கத்தியரும், சாதியும் மதமும் பாராமல் அந்தக் குடித்தனங்களில் சேர்ந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களைத்தான் இங்கே 'லோக்கல் பார்ன்' என்கிறோம். அவர்களுக்குப் பொதுமொழியாக அமைந்ததுதான் அந்தமான் ஹிந்தி. இலக்கணம் பார்ப்பவர்களுக்குத் தலைசுற்றும், நமக்கோ வீட்டுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவதாக, ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்ப் பெயரையே கொண்டுவந்து நட்டவை. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார்கள் காலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர் என்று தெற்கு அந்தமானில் தங்கள் ஊர்களையே மறுபடி படைத்தார்கள். பாரிஸ் என்று பெயர் சொல்லி ஏங்கிய அதிகாரிக்கும், மஞ்சேரி என்று பெயர் வைத்து ஆறுதல் அடைந்த கைதிக்கும் உள்ளுக்குள் ஒரே ஏக்கம்தான் என்று தோன்றுகிறது. அதிகாரிக்கு விடுமுறை உண்டு, அது ஒன்றுதான் பேதம்.

செல்லுலார் சிறையைப் பற்றி நம் மலர்களில் பலர் பலமுறை எழுதிவிட்டார்கள், நான் விரிக்கப் போவதில்லை. 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது, நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல் ஏழு கிளைகள், அறுநூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தனி அறைகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும், ஒருவன் முகத்தை இன்னொருவன் பார்க்க முடியாது. ஏழில் மூன்று கிளைகள் இன்று எஞ்சியுள்ளன. அந்த வளாகத்திலேயே 1963-இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. நம் குடும்பங்களில் எத்தனையோ குழந்தைகள் பிறந்த இடம் அது. சிறை 1979-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். கப்பலோட்டிய தமிழன் வ. உ. சிதம்பரனார் அந்தமான் சிறையில் செக்கிழுத்தார் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். 1908-இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள், தீவாந்திரம் என்றே தீர்ப்பு. ஆனால் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அவர் செக்கிழுத்தது கோயம்புத்தூர்ச் சிறையில், பிறகு கண்ணனூரில் இருந்து 1912-இல் விடுதலையானார். அவர் இங்கே வரவில்லை. வராதவரை வந்தார் என்று சொல்லி அவருக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை, அவர் பட்டது கொஞ்சமா? நம்மவர் மனதில் அந்தமான் என்றாலே கைதி என்று பதிந்து போனதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 1952-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'அந்தமான் கைதி', 1978-இல் சிவாஜியின் 'அந்தமான் காதலி', 1996-இல் 'சிறைச்சாலை'. நடுவில் வந்த காதலி ஒருத்திதான் இங்கே கடலும் மரமும் இருப்பதை ஊருக்குக் காட்டினாள்.

ஒரு தமிழ் ஆளுநர்

வராதவரைக் கொண்டாடும் நாம், வந்தவரை மறந்துவிட்டோம். அதுதான் என் மனக்குறை.

1941 ஜூன் 26-ஆம் தேதி பெரிய பூகம்பம். ராஸ் தீவின் கட்டடங்கள் விரிசல் விட்டன, சிறையின் நடுக்கோபுரமும் சேதமானது. அடுத்த ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியப் படை இறங்கியது. அதோடு 'பாரிஸ்' முடிந்தது. ஆங்கிலேயர் போய்த் தொலைந்தார்கள் என்று மகிழ்ந்தவர்களும் சில வாரங்களில் வாயடைத்துப் போனார்கள். ஒற்றர் என்று சந்தேகப்பட்டவர்களைச் சிறையில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். டாக்டர் திவான் சிங் அப்படி இறந்தவர். 1944 ஜனவரி 30-ஆம் தேதி ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இதற்கு ஒரு மாதம் முன்னால், 1943 டிசம்பர் 29-இல் நேதாஜி வந்து இறங்கி, 30-ஆம் தேதி ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். ராஸ் தீவில் பழைய தலைமை ஆணையர் மாளிகையில் தங்கினார். தீவுகளுக்கு ஷஹீத் என்றும் ஸ்வராஜ் என்றும் பெயரிட்டார்.

அவர் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் இத்தீவுகளுக்கு ஆளுநராக நியமித்தவர் ஒரு தமிழர். ஆற்காடு துரைசாமி லோகநாதன், மருத்துவர். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்து, சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். 1944-இன் தொடக்கத்தில் அவர் இங்கு வந்து பொறுப்பேற்றார். பெயருக்கு ஆளுநர், ஆனால் ஜப்பானியர் அவரிடம் அதிகாரத்தை ஒப்படைக்கவில்லை. கல்வித் துறையை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். காவல் துறை அவர்கள் கையிலேயே இருந்தது. ஜனங்கள் சித்திரவதைப்படுவதைத் தடுக்க முடியாத ஆளுநராக ஒரு மருத்துவர் இங்கே பல மாதங்கள் உட்கார்ந்திருந்தார். உடல்நலமும் கெட்டு, அதே ஆண்டில் திரும்பிப் போனார். 1945-இல் ரங்கூனை விட்டு ஜப்பானியர் பின்வாங்கியபோது, நகரத்தில் கொள்ளை நடக்காமல் காக்க இந்திய தேசிய ராணுவப் பிரிவோடு நின்றவரும் இவரே.

லோகநாதனின் நிலைமையை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். வெற்றிக் கதையாகவும் சொல்ல முடியாது, துரோகக் கதையாகவும் சொல்ல முடியாது. அதனாலேயே யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்களோ என்னவோ. நம் குழந்தைகளுக்கு இந்த மண்ணில் ஒரு தமிழர் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமானால், நான் முதலில் இவர் பெயரைத்தான் சொல்வேன். 1945 அக்டோபர் 9-ஆம் தேதி, நேதாஜி கொடி ஏற்றிய அதே ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியர் ஆங்கிலேயரிடம் முறைப்படி சரணடைந்தார்கள்.

சோழர்களைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' வருகிறது. அது நிக்கோபார் என்று அறிஞர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். நமக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் தலையாய இடம் பெறுவது ஸ்ரீவிஜயம், சுமத்ராவில் இருந்த கடல் வல்லரசு. சோழன் வென்ற எதிரியின் பெயர் அது. 2024-இல் நம் ஊருக்கு வைத்த பெயரில் 'விஜயம்' என்பதற்கு விடுதலைப் போரின் வெற்றி என்றுதான் அரசு விளக்கம் தந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பி, சோழன் வைத்த பெயர் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கப்பல் வந்து போனது. தங்கி வாழ்ந்தவர்கள் பிறகு வந்த எளிய மனிதர்கள்.

ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கும் தமிழ் ஊர் ஒன்றுக்கும் நடுவில் இந்தத் தீவுகள் அகப்பட்டுக்கொண்ட கதையும் உண்டு. தரங்கம்பாடியை வைத்திருந்த டேனிஷ்காரர்கள் அங்கிருந்து கப்பல் விட்டு, 1756 ஜனவரி முதல் தேதி நிக்கோபாரைக் கோபன்ஹேகன் அரசருக்குச் சொந்தம் என்று அறிவித்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து போன மொராவியப் பாதிரிமார்கள் 1768 முதல் நான்கௌரியில் தங்கி, காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மாண்டு, 1787-இல் கைவிட்டார்கள். தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்ற டென்மார்க், 1868-இல் நிக்கோபாரையும் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்தது.

நம்மவர் வந்த வழிகள் பல. மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் இங்கே காவலுக்கு இருந்திருக்கின்றன. மதராஸ் மாகாணக் கைதிகள் 'மகாராஜா' கப்பலில் வந்து இறங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு காட்டு இலாகா, துறைமுகம், சாலை வேலை, மரம் அறுக்கும் ஆலை, கடை கண்ணி என்று தேடி வந்தவர்கள் மிகுதி. சாத்தம் மர ஆலை 1883-இலேயே தொடங்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலைநாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு பகுதியைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து வேரோடு பிடுங்கி இன்னொரு தோட்டத்தில் நட்ட மாதிரி. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கச்சாலைப் புரட்டிப் போட்டதை நாம் யாரும் மறக்க முடியாது.

2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் மொத்த மக்கள் தொகை 3,80,581. அவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 விழுக்காடு. வங்காளிகளுக்கு அடுத்தபடியாகப் பெரிய கூட்டங்களில் ஒன்று நாம். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காவடி ஆடும்போது தெலுங்கரும் வங்காளியும் லோக்கல் பார்னும் கூட்டத்தில் நிற்பார்கள். அந்தக் கூட்டம்தான் இந்த ஊரின் கலாசாரம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது. ராஸ் தீவின் நடனக்கூடத்தில் இப்படி எல்லாரும் நிற்க இடம் இருந்ததில்லை.

ஆனால் இந்தக் குடும்பங்கள் எந்தக் கப்பலில், எந்த ஆண்டு, யார் கூப்பிட்டு, எவ்வளவு கூலிக்கு வந்தன என்று எழுதி வைத்த பதிவு நம்மிடம் அநேகமாக இல்லை. ராஸ் துரைமார்களுக்கு மாளிகைப் படமும் கல்லறைக் கல்வெட்டும் இருக்கின்றன. நம் முதல் தலைமுறைக்கு இருப்பது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய கப்பல் டிக்கெட்டும், வேலைக்குச் சேர்ந்த காகிதமும்தான். அவற்றைத் தேடி எடுத்து, வீட்டுப் பெரியவர்களைப் பேசவிட்டு எழுதிக்கொண்டு, அடுத்த மலருக்கு ஒரு குடும்பம் ஒரு பக்கமாவது தந்தால் நன்றாக இருக்கும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

விருந்தினரை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நேரே ராஸ் படகில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் அபர்டீன் நினைவுத்தூண், அடுத்து ஜிம்கானா மைதானம் இருந்த இடத்தில் உள்ள நேதாஜி ஸ்டேடியம், பிறகு பஜார் வழியாக மணிக்கூண்டு வரை ஒரு நடை. போகிற வழியில் கோல்கர், ஷாதிப்பூர், லம்பா லைன் என்று பெயர்களுக்கு அர்த்தம் சொல்லுங்கள். அதன் பிறகு தீவுக்குப் போனால், ஆலமர வேர்கள் பிடித்து நிற்கும் அந்தச் சுவர்களைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும். கடைசிப் படகைத் தவறவிட வேண்டாம். இங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். 1979 முதல் அந்தத் தீவு கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் யாரும் இரவு தங்க முடியாது.